மிச்சம் நாலு றோல்

தண்ணீர்த் தொட்டிக்கு மேலே தூக்கிப் பிடித்த பிலிமை அன்ரனிட்டா மூன்று தரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பளிச்சென்று பிரிந்து நிற்க வேண்டிய முகங்கள் பால் கலந்த தண்ணீருக்குள் கிடந்தன. தலைப்பாகையை வைத்துத்தான் மாப்பிள்ளை எது என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இரண்டாவது றோலை விரித்தாள். அதுவும் அப்படித்தான்.

கொழும்பில் நடந்த ஒரு கலியாணம் அது. படமெடுத்த டினேஷ் என்ற பெடியன் ஆறு றோல் அனுப்பியிருந்தான். இரண்டு போய்விட்டது. மிச்சம் நாலும் மேசை லாச்சிக்குள் கழுவப்படாமல் கிடந்தன. அந்த நாலில் ஏதோ ஒன்றில் தாலி கட்டு இருந்தது. பிலிமைக் கழுவுவது ஒரு தரம்தான், பிழைத்தால் பிழைத்தது. ஆளைக் கூப்பிட்டு மறுபடி தாலி கட்டச் சொல்ல ஏலாது.

அன்ரனிட்டாவுக்கு நாற்பத்துநாலு வயது. பத்தொன்பது வயதிலிருந்து பதினொரு வருஷம் கொட்டாஞ்சேனையில் ஒரு ஸ்ரூடியோவின் இருட்டறையில் வேலை செய்தவள். டிஜிட்டல் வந்து அந்த இடம் பூட்டுப்பட்ட பிறகு, கரம்பொனைச் சேர்ந்த கடற்றொழிலாளி டெனிஸ்ரனைக் கட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துத் தீவுக்கு வந்து சேர்ந்தாள். கற்ற வேலை இனி எதற்கும் உதவாது என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் நாலைந்து வருஷமாகக் கொழும்புப் பெடியளுக்கு ஒரு புது விசர் பிடித்திருந்தது. தகப்பன்மாரின் பழைய கமராக்களைத் தூசி தட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பிலிமில்தான் படமெடுப்போம் என்று நின்றார்கள். எடுக்கத் தெரிந்த அளவுக்குக் கழுவத் தெரியவில்லை. பழைய ஸ்ரூடியோக்காரர் யாரோ அன்ரனிட்டாவின் பெயரைச் சொல்லிவிட, தபாலில் றோல்கள் வரத் தொடங்கின. குசினிக்குப் பின்னால் வலை போட்டு வைக்கும் அறையின் யன்னலுக்குக் கறுப்புப் பொலித்தீன் அடித்தாள். வீட்டிலேயே கழுவிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு வெளிச்சம் புகாத ஒரு கறுப்புத் தாங்கி, ஒரு வெப்பமானி, கரைத்துப் பிலிம் கழுவ ஒரு லீற்றருக்கு அளவான டெவலப்பர் மா என்று சின்னச் சின்னப் பெட்டிகளாகக் கட்டியும் அனுப்பினாள்.

அந்த மாவால் வந்த தொல்லை கொஞ்சமில்லை. தபால் கந்தோரில் ஒவ்வொரு முறையும் பொதியைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தார்கள். படத்தைப் பெருப்பித்துத் தாளில் அடிக்கும் நாட்களில் எரியும் சிவப்பு லைட் கதவிடுக்கால் தெரிவதை யாரோ பார்த்துவிட்டு, அங்கே ஐஸ் என்ற போதைப்பொருள் காய்ச்சுகிறார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒருநாள் இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். போத்தல்களை மணந்து பார்த்தார்கள், முகத்தைச் சுழித்தார்கள். போகும்போது ஒருவர், மங்கிப்போன தன் கலியாணப் படத்தைத் தெளிவாக்கித் தர ஏலுமா என்று அரைகுறைத் தமிழில் கேட்டார்.

அன்ரனிட்டாவும் இலேசில் யாரையும் நம்புகிறவள் அல்ல. வருகிற மாப் பைக்கற் ஒவ்வொன்றையும் தராசில் வைத்து நிறுப்பாள். கரைத்ததும் ஒரு துண்டுப் பிலிமை வெளிச்சத்தில் பிடித்துவிட்டு டெவலப்பருக்குள் போட்டு, அது எத்தனை நிமிஷத்தில் கறுக்கிறது என்று மணிக்கூட்டைப் பார்ப்பாள். இந்த முறை கரைத்ததும் அப்படித்தான் கறுத்தது. அது போன கிழமை. ஒரு கிழமைக்குள் என்ன நடந்தது?

டினேஷுக்குப் போன் எடுத்து இரண்டு றோல் போனதைச் சொன்னாள்.

"தம்பி, உம்மடை பிலிம் வெளிநாட்டிலை இருந்து வரேக்கை எயார்போட்டிலை எத்தினை தரம் ஸ்கான் பண்ணுப்பட்டது? அந்தக் கதிர் பட்டாலும் மங்கும்."

"அதே பெட்டியிலை வந்த பிலிமைப் போன மாதம் நீங்கள்தான் கழுவித் தந்தனீங்கள், அக்கா. வடிவாய் வந்தது."

"நம்பர் போட்டு அனுப்பியிருக்கலாம்தானே. தாலி கட்டு எதிலை எண்டு தெரியாது."

"கதையை மாத்தாதையுங்கோ. ஏன் பிழைச்சது?"

அவள் யோசிக்க முன்னரே வாய் சொல்லிவிட்டது: "மாவிலைதான் பிழை. றஜீபன் ஏதோ கலந்து பைக்கற் போடுறான்."

றஜீபன் வெள்ளவத்தையில் இருந்து இந்தச் சாமான்களை விற்பவன். வெளிநாட்டிலிருந்து பெரிய வாளிகளில் எடுப்பித்துச் சின்னப் பைக்கற்றாகப் பிரித்து விற்றான். பிரிக்கிற இடத்தை அன்ரனிட்டா கண்டதில்லை. காணாத இடத்தில் எதுவும் நடக்கலாம்.

மத்தியானத்துக்குள் டினேஷ் அதைப் பிலிம்காரரின் வட்ஸப் குழுவில் எழுதிவிட்டான். முந்நூறு பேர் இருக்கிற குழு. றஜீபனின் பெயரைப் போட்டே எழுதியிருந்தான். பின்னேரம் போன் அடித்தது.

"அக்கா, நான் உங்களுக்கு என்ன செய்தனான்?" என்றான் றஜீபன்.

"நீர் செய்ததை நீர்தான் சொல்ல வேணும்."

"அதே வாளியிலை இருபத்தாறு பைக்கற் வித்தனான். உங்களுக்கு மட்டும்தான் பிழைச்சிருக்கு."

"மற்ற ஆக்கள் வாய் திறக்காமல் இருக்கலாம்."

"உங்களிட்டை இன்னும் ரெண்டு பைக்கற் கிடக்கு. ஒண்டைக் கரைச்சுப் பாருங்கோ. வீடியோவைப் போடுங்கோ, நானும் பாக்கிறன்."

"ஏன், நான் பொய் சொல்லுவனெண்டோ?"

"என்னைக் கள்ளனெண்டு முந்நூறு பேருக்குச் சொல்லியாச்சு, அக்கா. அதுக்குப் பிறகும் நான் உங்களை நம்ப வேணுமோ?"

அவள் போனை வைத்துவிட்டாள். வீடியோ எடுக்கவில்லை. ஆனால் தனியே போய்ப் பைக்கற் ஒன்றை வெட்டிப் புதுப் போத்தலில் கரைத்தாள். பழைய போத்தலையும் பக்கத்தில் வைத்தாள். இரண்டுக்குள்ளும் ஒவ்வொரு துண்டுப் பிலிம். புதியது இரண்டு நிமிஷத்தில் கரி போலக் கறுத்தது. பழையது பத்து நிமிஷமாகியும் சாம்பல் நிறத்தைத் தாண்டவில்லை.

மாவில் பிழையில்லை. அப்படியென்றால் பிழை இந்த வீட்டுக்குள் இருந்தது. வீட்டில் அவளையும் சேர்த்து மூன்று பேர்.

டெனிஸ்ரன் முற்றத்தில் எஞ்சினைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தான்.

"இஞ்சாருங்கோ, அந்த அறைக்குள்ளை போனனீங்களோ?"

"அந்த மணத்துக்குள்ளையோ? கணவாய் அழுகினாலும் தாங்குவன், உது ஏலாது."

"எஞ்சின் துடைக்கவெண்டு போத்தலை எடுத்தனீங்களோ?"

"எடுத்துப் போட்டனெண்டு வையும். எஞ்சின் என்ன, போற வழியிலை படம் எடுக்குமோ?"

அவள் சிரிக்கவில்லை. திரும்ப உள்ளே போனாள். புனல் ஆணியில் தொங்கிய விதம் கண்ணில் குத்தியது. கழுவியதும் வாயைக் கீழே பார்க்க மாட்டுவதுதான் அவள் வழக்கம். இப்போது வாய் மேலே பார்த்தபடி இருந்தது. உள்ளே, கழுத்து ஒடுங்குகிற இடத்தில், கண்ணாடித் துண்டு மாதிரி ஏதோ இரண்டு மூன்று ஒட்டிக் காய்ந்திருந்தன. கொண்டுவந்து புருஷனுக்குக் காட்டினாள்.

டெனிஸ்ரன் விரலால் எடுத்து நசித்துப் பார்த்தான். அவனுக்கு அதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. "கல்லுப்பு," என்றான். "கருவாட்டுக்குப் போடுறது."

"நாங்கள் கருவாடு போட்டு ரெண்டு மாசம்."

இருவரும் ஒரே நேரத்தில் படலைப் பக்கம் பார்த்தார்கள். டெனிஸ்ரனின் தமக்கை ஜொய்சி கோயிலில் இருந்து வந்துகொண்டிருந்தாள். கலியாணம் கட்டாதவள், ஞாயிறுகளில் மறைக்கல்வி படிப்பிப்பவள், பொய் சொல்லத் தெரியாதவள். குடையை மடிக்கும் வரை அன்ரனிட்டா காத்திருந்தாள்.

"மச்சாள், என்ரை போத்தலுக்குள்ளை உப்புப் போட்டனீங்களோ?"

ஜொய்சி குடையைச் சுவரில் சாத்தினாள். "ஓம். போட்டனான்."

"ஏன்?"

"சும்மா உப்பில்லை. பாதர் செபிச்சுத் தந்த உப்பு. வீட்டின்ரை நாலு மூலையிலும் போட்டுட்டு மிச்சத்தை அதுக்குள்ளை போட்டனான். உன்ரை தொழிலுக்கு ஒரு கெடுதியும் வரக்கூடாதெண்டுதான்."

"எவ்வளவு?"

"போத்தலுக்கு ஒரு கை."

"மற்றது, ஹைப்போ மருந்துப் போத்தலுக்குமோ?"

"ஒண்டுக்குப் போட்டு மற்றதுக்குப் போடாமல் விடுறது சரியில்லைத்தானே."

டெனிஸ்ரன் எஞ்சினுக்குள் முகத்தை நன்றாகப் புதைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது.

அன்ரனிட்டா விடவில்லை. "உண்மையைச் சொல்லுங்கோ மச்சாள். கெடுதி வரும் எண்டு ஆர் சொன்னது?"

ஜொய்சி கதிரையில் இருந்தாள். "மாதா சபையிலை கதைக்கினம். சிவப்பு லைட்டாம், வெள்ளை மாவாம், தபாலிலை போகுதாம். நான் உன்ரை பக்கம்தான் கதைச்சனான், பிள்ளை. நல்லாய் ஏசிப்போட்டுத்தான் வந்தனான். வந்து அந்த அறையைத் திறந்து பாத்தன். கறுப்பு யன்னல், மண்ணிறப் போத்தல்... எனக்கும் ஒரு மாதிரிக் கிடந்தது."

"அப்ப நீங்களும் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறியள்."

"உன்னையில்லை. போத்தலுகளைத்தான்."

இத்தனை வருஷமாக அன்ரனிட்டாவோடு ஒரே குசினியில் சமைக்கிறவள் சொன்னது இது.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரிய வராது. டெனிஸ்ரனும் அதைத்தான் சொன்னான். "உப்புக் கதையைச் சொன்னால் கொழும்புப் பெடியள் சிரிச்சே சாவாங்கள். வேறை மா எடுத்தனான் எண்டு சொல்லி மிச்சம் நாலையும் கழுவிக் குடும். அலுவல் முடிஞ்சுது."

முடிந்துதான் இருக்கும். ஆனால் அன்ரனிட்டா இரண்டு நாளாக அந்த இருபத்தாறு பைக்கற்றையும் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொருத்தராக, என்னுடையது நல்லாய்த்தான் வந்தது என்று எழுதத் தொடங்கினால், கடைசியில் எல்லாருடைய கண்ணும் கரம்பொனில் வந்து நிற்கும். றஜீபன் வேறு அவளுக்கு இனி மா தரமாட்டான். இப்படித்தான் கணக்குப் போட்டாள். ஆனால் தன் வாயால் ஒருத்தன் மூன்று நாளாகக் கள்ளனாகத் திரிகிறான் என்பது அந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. ஊர் அவளைப்பற்றிக் கதைப்பதற்கும் அவள் றஜீபனைப்பற்றிக் கதைத்ததற்கும் என்ன வித்தியாசம் என்று தேடினாள். அகப்படவில்லை.

குழுவுக்குக் குரல் பதிவு அனுப்பினாள். நாலு தரம் அழித்து ஐந்தாம் தரம் அனுப்பினாள். "றஜீபன்ரை மாவிலை ஒரு பிழையும் இல்லை. என்ரை வீட்டிலை டெவலப்பருக்குள்ளை உப்பு விழுந்திட்டுது. செபிச்ச உப்பு. நான் விசாரிக்காமல் சொன்னது பிழை."

முதலில் ஐந்தாறு பேர் சிரித்தார்கள். பிறகு ஐம்பது அறுபது பேர். ஒருத்தன், அடுத்த முறை கொஞ்சம் புளியும் விடுங்கோ அக்கா, மீன்குழம்பு மாதிரி வரும் என்று எழுதினான். றஜீபன் "சரி" என்று ஒரு சொல் போட்டான். டினேஷ் சிரிக்கவில்லை.

"மிச்சம் நாலையும் தொடாதையுங்கோ. நான் வாறன். பக்கத்திலை நிண்டுதான் கழுவுவிப்பன்."

சனிக்கிழமை காலை யாழ்ப்பாணத்து பஸ்ஸில் வந்து இறங்கினான். இருபத்தாறு வயதிருக்கும், மெலிந்த பெடியன். ஜொய்சி கொடுத்த தேத்தண்ணியை வாயில் வைக்க முன் ஒருக்கால் மணந்து பார்த்தான். இரண்டு பெண்களும் அதைக் கண்டார்கள்.

"உப்புப் போடேல்லை, தம்பி," என்றாள் ஜொய்சி. அவன் காது சிவக்கக் குடித்து முடித்தான்.

போத்தல்களைத் திறந்து பார்த்தான். மாக் கரைக்கிற மழைத்தண்ணிக் கானைத் தூக்கிப் பார்த்தான். அவன் கண்முன்னாலேயே அன்ரனிட்டா புதிதாக மாக் கரைத்து, துண்டுப் பிலிமைப் போட்டுக் கறுக்க வைத்துக் காட்டினாள். "குறை நினைக்காதையுங்கோ அக்கா," என்றான். "பாரும். நானெண்டாலும் பாப்பன்," என்றாள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. பிலிமைச் சுருளில் ஏற்றித் தாங்கிக்குள் வைத்து மூடும்வரை ஒரு பொட்டு வெளிச்சம் கூடாது. சிவப்பு லைட்டும் கூடாது. கதவைப் பூட்டிவிட்டுக் கும்மிருட்டில் செய்ய வேண்டும். டெனிஸ்ரன் கடலுக்குப் போயிருந்தான்.

"பூட்டின அறைக்குள்ளை ரெண்டு பேரோ?" என்றாள் ஜொய்சி. "பக்கத்து வீட்டுக்காரி மதிலடியிலை நிண்டு பாத்துக்கொண்டிருக்கிறாள். இவ்வளவு நாளும் மாவெண்டுதான் கதைச்சவை."

"அப்ப தம்பி வெளியிலை நிக்கட்டும்."

"வெளியிலை நிக்கவோ நான் கொழும்பிலை இருந்து வந்தனான்?" என்றான் டினேஷ்.

கடைசியில் ஜொய்சி குசினிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு தானும் உள்ளே போனாள். கதவு பூட்டுப்பட்டது. வலைகளின் உப்பு மணமும் மருந்து மணமும் மூன்று பேரின் வேர்வையும் ஒன்றாகின. ஜொய்சி செபமாலையை எடுத்திருக்க வேண்டும், மணிகள் ஒன்றோடொன்று தட்டுப்படும் சத்தம் கேட்டது. அன்ரனிட்டாவின் விரல்கள் பிலிமின் நுனியைத் தேடிப் பிடித்துச் சுருளில் கொழுவின. முதல் றோல் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவது பாதியில் இறுகியது.

"ஏன் நிண்டது?" என்றது டினேஷின் குரல்.

"கதையாதையும்."

மணிகளின் சத்தமும் நின்றது. இழுத்தால் கிழியும், விட்டால் மடியும். அவள் மெதுவாகப் பின்னுக்கு எடுத்து, ஓரத்தைத் தடவி நேராக்கி, மறுபடி விட்டாள். ஏறியது. நாலாவதும் ஏறியதும் தாங்கியை இறுக்கி மூடிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

கழுவி எடுத்துத் தூக்கிப் பிடித்தபோது டினேஷ் கிட்ட வந்தான். தாலி கட்டு மூன்றாவது றோலில்தான் இருந்தது. மாப்பிள்ளையின் விரலிடுக்கில் கொடியின் முறுக்குத் தெரிந்தது. நாதஸ்வரக்காரரின் ஊதிய கன்னம்கூடத் தெரிந்தது. அவன் சிரிப்பான் என்று பார்த்தாள். அவன் அந்த றோலின் முப்பத்தாறு படங்களையும் ஒவ்வொன்றாக எண்ணினான்.

"வந்திருக்கு," என்றான். காய்ந்ததும் நாலையும் உறையில் போட்டுக்கொண்டு பின்னேர பஸ்ஸில் போனான். இனியும் அனுப்புவானா என்று சொல்லவில்லை.

றஜீபன் திரும்பவும் மா அனுப்பத் தொடங்கினான். ஒவ்வொரு பைக்கற்றின் வாயிலும் குறுக்கே கையெழுத்துப் போட்டிருந்தான், வெட்டும்போது வீடியோ எடுக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தான். அவள் எடுத்தாள். அன்ரனிட்டா தன் அறைக்கு ஒரு ஆமைப் பூட்டு வாங்கினாள். ஜொய்சி அதைப் பார்த்துவிட்டு அரிசி களையப் போனாள். இரண்டு நாளுக்குப் பிறகு அன்ரனிட்டா அந்தப் பூட்டின் மற்றத் திறப்பைக் கொண்டுபோய்க் குசினி அலுமாரிக்குள் வைத்தாள்.

மூன்று கிழமை கழித்து டினேஷிடமிருந்து ஒரு பொதி வந்தது. உள்ளே ஒரே ஒரு றோல். துண்டுக் கடுதாசிகூட இல்லை. கழுவி வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு சுவர். அடுத்ததும் அதே சுவர். முப்பத்தாறும் அதே சுவர்.

ஜொய்சி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "உவனுக்கு என்ன விசரோ? எடுக்க ஒரு சனமும் கிடைக்கேல்லையோ?"

"எங்களைத்தான் எடுத்துப் பாக்கிறான், மச்சாள். நாங்கள் பிழைவிட்டால் வெறும் சுவரிலைதான் வடிவாய்த் தெரியும்," என்றாள் அன்ரனிட்டா.

உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் வைத்து முதலாவது சுவரில் இருந்து பார்த்துக்கொண்டு வந்தாள். சாம்பல் நிறம் ஒரே சீராக இருந்தது. பதினோராவதில் ஒரு சின்னப் புள்ளி தெரிந்தது. பிலிமிலா, சுவரிலா? பன்னிரண்டாவதுக்கு நகர்ந்தாள். அதே இடத்தில் அதே புள்ளி. திரும்பிப் போய்ப் பத்தாவதைப் பார்த்தாள், அதிலும் இருந்தது.

"புள்ளி சுவரிலைதான், பிலிமிலை இல்லை," என்று ஜொய்சிக்குச் சொல்லிவிட்டுப் பதின்மூன்றாவதுக்குப் போனாள்.