செத்தவீட்டு நாடகத்துக்குப் போய் வந்தது

எனக்கு எழுத்து ஓடாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. பிழை கிடந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன சனிக்கிழமை யாழ்ப்பாணம் போய் ஒரு புது நாடகம் பார்த்ததை, போகாதவர்களுக்காக எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் கட்டிக்கொடுத்த என் மகள் வதனி அதில் நடிக்கிறாள். புருசனை இழந்த பெண் வேசம். மருமகன் கொழும்புக்கு லொறி ஓட்டுகிறவர், அன்றும் ரோட்டில்தான். நாடகத்தில் தாலி கழற்றுகிறார்கள் என்று ஊரில் கதைத்தார்கள். அவளுடைய சொந்தத் தாலியையோ, வேசத் தாலியையோ என்று பிள்ளையிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பன்னிரண்டு மணிபோல் நெல்லியடியில் பஸ் வந்தது. ஏறிய பிறகும் மிதிபலகையில் தயங்கி நின்றேன்.

"உதிலை நிண்டு என்ன யோசினை? உள்ளுக்கை போணை ஆச்சி!" என்றார் கொண்டக்டர்.

பக்கத்தில் இருந்த மனுசி, எங்கே போகிறேன் என்று கேட்டா. சொன்னேன்.

"செத்தவீட்டு நாடகமோ? ஊரிலை செத்தவீடு காணாதெண்டு பஸ் ஏறிப் போறியளோ?" என்று சிரித்தா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வல்லை வெளியில் காற்று சேலையை இழுத்தது. எதிரே லொறி வரும்போதெல்லாம் ஓட்டுகிறவரின் முகத்தையே பார்த்தேன்.

பஸ் நிலையத்திலிருந்து மண்டபத்துக்கு ஓட்டோவுக்கு முந்நூறு ரூபா. மேடையும் இல்லை, கதிரையும் இல்லை. நிலத்தில் பாய் விரித்து நடுவில் சவப்பெட்டி வைத்திருந்தார்கள். வாசலில் நின்ற நடிகர்கள் ஒருவரும் "வாங்கோ" என்று சொல்லவில்லை. செத்தவீட்டில் அப்படிச் சொல்லமாட்டோம்தானே. நானும் பேசாமல் போய்ப் பெண்களோடு இருந்தேன்.

மூன்று மணிக்கு வதனி வந்தாள். பெட்டியில் தலையை வைத்து ஒப்பாரி சொன்னாள். பெட்டி வெறுமையென்று தெரிந்தும் நானும் மற்றப் பெண்களோடு சேர்ந்து அழுதேன். முடிவில் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனாள். என்னவோ பெட்டிக்குள் விழுந்தது. எனக்குக் கண் மங்கல். என்ன விழுந்தது என்று தெரியவில்லை.

எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழும்பி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒருவருக்கும் சொல்லாமல் வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன்.

இருபாலை தாண்டியதும் கைத்தொலைபேசி அடித்தது. வதனி.

"அம்மா, எங்கை நிக்கிறியள்? என்னோடை ஒரு சொல்லும் கதையாமல் போயிட்டியள். நாடகம் பிடிக்கேல்லையோ?"

"செத்தவீட்டிலை ஆரும் போயிட்டு வாறன் எண்டு சொல்லுறவையே, பிள்ளை?"

"அது நாடகமெல்லோ அம்மா!" என்றாள்.

"நீ அழுத அழுகையிலை அது எனக்கு மறந்துபோச்சு. கழுத்திலை இப்ப என்ன கிடக்கு?"

"தாலிக்கொடிதான் கிடக்கு. பெட்டிக்கை போட்டது மஞ்சள் பூசின வெறும் நூல். கொடி வெளியிலை தெரியாமல் சட்டைக்குள்ளை ஊசி குத்தினது. லொறி எடுக்கமுன்னம் உங்கடை மருமோன்தான் குத்திவிட்டவர்."

அப்போதுதான் நான் சீட்டில் சாய்ந்து இருந்தேன்.

"இப்ப சொல்லுங்கோவன்," என்றாள்.

"போயிட்டு வாறன், பிள்ளை," என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலும்.

கொண்டக்டர் திரும்பிப் பார்த்தார். "எங்கையணை போப்போறியள்? இன்னும் கோப்பாயே வரேல்லை!"

பஸ்ஸே சிரித்தது. வெட்கத்தில் சேலைத்தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன்.

அப்படியிருந்தும், வீட்டுக்குள் போகமுன் கிணற்றடியில் தலை முழுகினேன். மனம் கேட்கவில்லை.

நாடகத்தின் பெயர் மறந்துவிட்டது. பஸ் எங்கே எத்தனை மணிக்கு நின்றது, ஓட்டோக் காசு சரிதானா என்று தெரிந்தவர்கள் ஒருக்கால் பார்த்துத் திருத்திவிடுங்கள். மருமகன் திங்கட்கிழமை சுகமாகத் திரும்பிவந்தார். அதை மட்டும் யாரும் சரிபார்க்கத் தேவையில்லை. விடியவே பஸ் ஏறிப் போய், அவர்கள் வீட்டுப் படலை வாசலில் நின்று நானே பார்த்தேன்.