சொல்லாமல் போன தெரேஸ் அக்கா

தெரேஸ் அக்கா மர்செய்ல் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் காலமாகிவிட்டார். குருசுக்குப்பத்திலிருந்து அவருடைய தம்பி சவரி சைக்கிளில் வந்து வாசலில் நின்றபடியே செய்தியைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அவருக்காகக் கோயிலில் பூசை, நான் அவசியம் வரவேண்டும் என்றார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இறந்தவரைப் பற்றி இப்படியா எழுதுவது என்று அவரைத் தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். பொறுத்துக்கொள்ளட்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போன மறு வருஷம் என் கணவருக்குப் புதுச்சேரியில் வேலை கிடைத்தது. விழுப்புரத்திலிருந்து வந்து ரயிலடிப் பக்கம் பல குடித்தனங்கள் இருந்த வீட்டில் ஒரு பகுதியைப் பிடித்தோம். எனக்கும் ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சர் வேலை. அடுத்த பகுதியில் தெரேஸ் அக்கா தனியாக இருந்தார். அவர் கணவர் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். கடல் கடந்து எங்கோ இருந்தார். பிள்ளை கிடையாது.

என் மகள் மல்லிகா பிறந்ததிலிருந்து ஓயாமல் அழுதாள். கைமாற்றிக் கொடுக்கக்கூட உறவென்று பக்கத்தில் யாரும் இல்லை. ஒரு மாலை அக்கா வந்து, கேட்காமலே குழந்தையை வாங்கிக்கொண்டார். ஆட்டவில்லை, குலுக்கவில்லை. குழந்தை எந்தக் குரலில் வீறிட்டதோ அதே குரலில் தாமும் வீறிட்டார். மல்லிகா திகைத்துப்போய் அவரையே பார்த்தாள். அக்கா தம் குரலைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். குழந்தையின் குரலும் கூடவே இறங்கி வந்தது. அடங்கியதும் காதருகே, "தோதோ... தோதோ..." என்றார்.

என் கணவருக்குச் சுருக்கென்றது. "என்னாங்க இது, எம் பொண்ணப் போயி நாயக் கூப்புடுற மாதிரி தோதோன்றீங்க?"

அக்கா சிரித்த சிரிப்பில் தூங்கப்போன குழந்தை விழித்துக்கொண்டது. "ஐயோ தம்பி, பிரெஞ்சுல கொழந்தயத் தூங்கச் சொல்றது அப்படித்தான்!" அப்புறம் தினமும் அந்தச் சத்தம் கேட்டுத் தெருநாய் ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே வரும். அதையும் அவர்தான் விரட்டுவார்.

விடுப்பு முடிந்து நான் பள்ளிக்குத் திரும்பியபோது மல்லிகாவை அக்காதான் பார்த்துக்கொண்டார். அவர் இல்லாவிட்டால் அந்த வேலையை விட்டிருப்பேன். அதை நான் மறைக்கவில்லை. முதல் நாள் குழந்தை தூங்கும் நேரம் பார்த்து நைசாகக் கிளம்பினேன். அக்கா குறுக்கே வந்து நின்றார்.

"எழுப்பி, போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போ சரோசா."

"அழுவாளே அக்கா."

"அழட்டும். தெரிஞ்சி அழுவுறது வேற, ஏமாந்து அழுவுறது வேற."

அன்றிலிருந்து ஒரு நாளும் நான் சொல்லாமல் போனதில்லை. மல்லிகா அழுதாள், பிறகு கையசைக்கக் கற்றுக்கொண்டாள்.

அவள் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய சமயம் ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்தேன். வீட்டுக்கார அம்மாள் இடுப்பில் மல்லிகா முகம் சிவக்க அழுதுகொண்டிருந்தாள். அக்காவின் கதவில் பூட்டு.

"தெரேசு பிரான்சுக்குப் போறா இல்ல, மத்தியானம் ரயிலுக்குக் கௌம்பிட்டா. புள்ளயத் தூங்கவெச்சி எங்கிட்ட குடுத்துட்டுப் போனா. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. அங்கிருந்த அத்தனை குடித்தனங்களுக்கும் தெரிந்திருந்தது. அவர் கணவர் கூப்பிட்டார், அக்கா போனார், அதில் குற்றமில்லை. ஆனால் என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை இல்லை. மல்லிகா அந்தப் பூட்டிய கதவைத் தட்டித் தட்டி அழுதாள். நானும் அக்காவைப் போலவே அவளோடு குரல் கொடுத்துப் பார்த்தேன். என் குரல் கீழே இறங்கவே இல்லை. நிஜமாகவே அழுதுகொண்டிருந்தால் எப்படி இறங்கும்?

ஞாயிறு பூசைக்கு மல்லிகாவையும் அழைத்துப் போனேன். "யாரும்மா செத்துட்டாங்க?" என்று கேட்டாள். உன்னைத் தூக்கி வளர்த்தவர் என்றேன். "அப்படியா?" என்று கேட்டுவிட்டு, கோயில் வாசலில் இருந்த பிள்ளைகளோடு விளையாட ஓடிவிட்டாள். அவளுக்கு எதுவும் நினைவில்லை.

திரும்பும்போது சவரி தயங்கித் தயங்கிச் சொன்னார். "ரயில்ல ஏத்திவிடும்போது நானே கேட்டேன், சரோசாகிட்ட ஏன் சொல்லலன்னு. 'போயிட்டு வரேன்னு சொன்னா பொய்யாயிடும்டா. போறேன்னு சொல்ல எனக்கு வாய் வரல'ன்னு அழுதுச்சி."

தெரேஸ் அக்கா, குழந்தை உங்களை மறந்துவிட்டாள். ஏமாந்து அழுதவள் நான்தான், எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தப் பொய்யையாவது சொல்லியிருக்கலாம். நீங்கள் சொன்னால் நம்பியிருப்பேன், இத்தனை வருஷமும் வருவீர்கள் என்று காத்திருந்திருப்பேன்.