ஷெல் பட்ட தகப்பன்

எனக்கு எண்பத்திரண்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், ஆனால் பொய் எழுத மாட்டேன்.

சண்டைக் காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் இருந்த லொட்ஜில் ஒருவர் மகளோடு தங்கியிருந்தார். மகளுக்கு வெளிநாட்டு மாப்பிள்ளை பேசியிருந்தது. மனிதர் மெலிந்துகொண்டே போனார். பெல்ட்டில் ஆணியால் புதிது புதிதாக ஓட்டை போட்டு இறுக்கிக்கொள்வார்.

ஒருநாள் நான் டொக்டரிடம் காத்திருந்தபோது, திரைச்சீலைக்கு உள்ளே அவருடைய குரல் கேட்டது.

"ரத்தம் போகுது டொக்டர். மூலம் போலக் கிடக்கு."

"அப்பா, சகோதரம் ஆருக்கும் குடலிலை புற்றுநோய் இருந்ததோ? இருந்தா உடனே குழாய் விட்டுப் பார்க்கவேணும்."

"இல்லை. அப்பாவும் அண்ணையும் ஊரிலை ஷெல் குண்டு பட்டுச் செத்தவை."

மூலத்துக்கு மருந்தோடு வெளியே வந்தார்.

"ரெண்டு பேருமோ தம்பி?" என்றேன், மனம் பொறுக்காமல்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு பேருக்கும் அந்தக் குடல் வருத்தம்தான் அக்கா. பரம்பரை வருத்தமெண்டு தெரிஞ்சா மாப்பிள்ளை வீடு ஓடியிடும். ஷெல்லெண்டா ஒருத்தரும் குறை சொல்லமாட்டினம். மகளுக்கே அப்பிடித்தான் சொல்லி வைச்சிருக்கிறன்."

"விசரே உமக்கு? டொக்டரிட்டையுமோ மறைக்கிறது? திரும்பி உள்ளுக்குப் போம்."

"அவள் பிளேன் ஏறட்டும் அக்கா."

அவள் ஏறினாள். அவர் அடுத்த மழைக்கு இருக்கவில்லை. மூலம் முற்றிச் செத்துப் போனார் என்றுதான் அவளுக்குச் செய்தி போனது.

இப்போது அவளுக்கும் தகப்பனின் அந்த வயது வந்திருக்கும். அங்கே டொக்டர் கேட்டால், அப்பப்பாவும் பெரியப்பாவும் ஷெல் பட்டவர்கள் என்று உண்மையாகவே நம்பிச் சொல்லுவாள்.

பிள்ளை, எங்கேயாவது உன் கண்ணில் பட்டால் இதை ஒருக்கா வாசி. உன் அப்பாவிடம் டொக்டர் கேட்ட இடத்தை உரத்து வாசி.