பெட்டிக்குள் மீன் கேட்ட நாய்

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு ஆபீசில் நடந்ததை எழுதித் தரச் சொன்னார்கள். இரண்டு வரிதான் எழுதினேன். இரண்டிலும் உண்மை இல்லை. நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. கன்டெய்னரை நாங்கள் பெட்டி என்றுதான் சொல்லுவோம். கஸ்டம்ஸ் ஆபீசர் பார்க்க வேண்டிய பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் கார்ட்டன்களை இறக்கிக் காட்டி, திரும்ப அடுக்க வேண்டும்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பெட்டிக்குள் ஏறுகிறவன் செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் ஏறுவான். யார் ஆரம்பித்ததோ தெரியாது. கோயில் வாசலில் கழற்றிப் பழகின கால்கள். செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் உண்டு. கிடக்காவிட்டால் கதவைச் சாத்தலாம். எழுதி வைத்த சட்டமில்லை. ஆனாலும் வாட்ச்மேன் அதைத்தான் பார்ப்பார்.

அன்றைக்குத் திறந்த பெட்டி முழுக்கப் பொம்மைகள். ஆபீசர் ஒரு கார்ட்டனைப் பிரிக்கச் சொல்லி, பேட்டரி வாங்கிவரச் சொல்லி, ஒன்றை இயக்கிப் பார்த்தார். ஒரு நாய்க்குட்டி. அதன் முன்னால் ஒரு தட்டு. கூடவே பிளாஸ்டிக்கில் ஆறு சின்னச் சாமான்கள்: மீன், கப், பந்து, இன்னும் என்னென்னவோ. தட்டில் மீனை வைத்தால் நாய் அதைக் கண்டுபிடித்து, "பிஷ்! பிஷ்!" என்று கத்தி, குரைத்து, வாலாட்டி ஒரு சுற்றுச் சுற்றும். கப்பை வைத்தால் கப்பின் பெயரைச் சொல்லும். ஆபீசர் தன் பேனாவை வைத்தார். நாய் தலையைத் தொங்கப்போட்டு "ஊ..." என்றது. எல்லாரும் சிரித்தார்கள். நான் பின்னால் நின்று பார்த்தேன்.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் படத்தைக் காட்டி, "இது என்னல?" என்பார். எனக்குத் தெரியும். வாய்தான் வராது. அடி வாங்கிவிட்டு உட்காருவேன். தெரியாததற்குத் தலையைத் தொங்கப்போட்டு, தெரிந்ததைச் சத்தமாகச் சொல்லி வாலாட்டுகிற அந்த நாயைத் தனியாக ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. நாற்பத்தெட்டு வயது ஆளுக்கு வரக்கூடாத ஆசைதான்.

சாப்பாட்டு நேரத்தில் பெட்டிக்குள் யாரும் இருக்கக் கூடாது. எல்லாரும் கேன்டீனுக்குக் கிளம்பினதும் நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறினேன். பிரித்த கார்ட்டனில் இருந்து நாயை எடுத்துக்கொண்டு, பெட்டியின் கோடியில் மற்ற கார்ட்டன்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டேன். சத்தம் வெளியே கேட்காமல் இருக்க வாய்ப் பக்கத்தைத் துண்டால் மூடினேன். மீனை வைத்தேன். பந்தை வைத்தேன். என் தீப்பெட்டியை வைத்தேன். "ஊ..." என்றது. செபமாலையை வைத்தேன். அதற்கும் "ஊ..."தான். எனக்குச் சிரிப்பு வந்தது.

அப்போது வெளிச்சம் போய்விட்டது. கதவின் கம்பிகள் இறங்கி மாட்டுகிற சத்தம் கேட்டது.

என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. என்னோடு சோடியாக வேலை பார்க்கிற, வேம்பார் ஊர்க்காரத் தம்பிக்குக் காலையில் செருப்பு வார் அறுந்துவிட்டது. எல்லாருக்கும் பின்னால் கிளம்பினவன், சாப்பாட்டு நேரத்தில் உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்து, என் செருப்பை மாட்டிக்கொண்டு கேன்டீனுக்குப் போயிருக்கிறான். எங்களுக்குள் கேட்டு எடுக்கிற பழக்கம் கிடையாது. வாட்ச்மேன் வந்து பார்த்தார், செருப்பு இல்லை, கதவைச் சாத்தினார்.

அந்த நிமிஷமே நான் கத்தியிருக்க வேண்டும். கத்தினால் திறப்பார். திறந்தால் மடியில் நாய். இங்கே ஒரு பொம்மை காணாமல் போனால் எல்லாருடைய சட்டையையும் கழற்றச் சொல்வார்கள். விளையாடப் போனேன் என்றால் யார் நம்புவார்கள்? திருடன் என்றால் உடனே நம்புவார்கள். நாயைத் திரும்ப வைத்துவிட்டுக் கதவைத் தட்டலாம் என்று எழுந்தேன். இருட்டில் பிரித்த கார்ட்டன் எது என்று தெரியவில்லை. நாய் கையிலேயே இருந்தது.

இரும்பு காய ஆரம்பித்தது. சுவரில் முதுகைச் சாய்க்க முடியவில்லை. தட்டினேன். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரிதான் தட்ட வந்தது. வெளியே பெட்டி தூக்கும் வண்டியின் இரைச்சல். அது இந்தப் பெட்டியையும் தூக்கி ஐந்தாவது அடுக்கில் வைத்துவிட்டால் என்று நினைத்ததும் கதவோரம் ஒட்டி உட்கார்ந்தேன். என் அப்பா சங்கு குளித்தவர். அடியில் மூச்சு முட்டினால் இடுப்புக் கயிற்றை ஒரு இழுப்பு இழுப்பாராம். தோணியில் கயிறு பிடித்திருப்பது மச்சான். பேசவே வேண்டாம், மேலே தூக்கிவிடுவான். நான் வியர்வையில் உட்கார்ந்து அந்தக் கயிற்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். மூச்சு சூடாக வந்தது. நாக்கு ஒட்டியது. அப்போதும் குரல் எழும்பவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பெட்டிக்குப் பக்கத்திலேயே தம்பியின் குரல் கேட்டது.

"மாமா, அண்ணாச்சி எங்க போனாவ?"

"கேன்டீன்ல பாருல," என்றார் வாட்ச்மேன்.

"அங்கன இருந்துதான வாரேன். செருப்பு எங்கிட்ட கெடக்கு. இந்த வெயில்ல வெறுங்காலோட எங்க போவாவ?"

"எனக்கென்னல தெரியும்? ஒஞ் செருப்புக்கும் ஆளுக்கும் நானா காவலு?"

தம்பி நகருகிற சத்தம். என் செருப்பின் சத்தம்தான் அது. வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. தட்டைத் தடவிப் பார்த்து மீனை வைத்தேன். துண்டை எடுத்துவிட்டு, கதவின் ரப்பர் இடுக்கில் நாயின் வாயை வைத்து அழுத்தினேன். "பிஷ்! பிஷ்!" எடுத்தேன், வைத்தேன். எடுத்தேன், வைத்தேன்.

"மாமா, பெட்டிக்குள்ள நாய் கொரைக்கி."

"ஏலே, வெயிலு மண்டைக்கு ஏறிட்டா?"

"மீனு வேணுமாம். நீரே வந்து கேளும்."

கதவு திறந்தது. வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். "ஏலே, நீயா? ஒரு சத்தம் குடுத்தா என்னல?" பிறகு கையில் இருந்த நாயைப் பார்த்தார்.

நான் வாய் திறக்கும் முன்னே தம்பி சொல்லிவிட்டான். "காலையிலேயே தலவலின்னாவ மாமா. உள்ள படுத்துத் தூங்கிட்டாவ. இருட்டுல கையில கெடச்சத எடுத்து கதவ அடிச்சிருக்காவ."

நான் தலையை ஆட்டினேன். ஆபீசிலும் அதையே எழுதினேன். தலைவலியில் தூங்கிவிட்டேன். கதவு சாத்தியது தெரியாது. உடம்பு சரியில்லாதவன் என்று என்னை விட்டுவிட்டார்கள். ஆளுடைய செருப்பை எடுத்து உயிருக்கு ஆபத்து உண்டாக்கினான் என்று தம்பியை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். "செருப்ப எடுத்தது நான்தான அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனான். இப்போது வேம்பாரில் உப்பளத்தில் நிற்கிறான்.

யார்டில் இப்போது செருப்புக் கணக்கு கிடையாது. கதவைச் சாத்தும் முன் வாட்ச்மேன், "ஆள் உண்டா?" என்று கூப்பிடுவார். உள்ளே இருப்பவன் பதில் கொடுக்க வேண்டும். எனக்கு இரண்டாவது தடவையில்தான் குரல் வரும். அவர் சாத்தாமல் நிற்பார்.

எனக்கு அன்றைக்குத் தலைவலி இல்லை. நான் தூங்கவில்லை. உள்ளே இருக்கக் கூடாத நேரத்தில் பொம்மையோடு விளையாடப் போனேன். தம்பி செருப்பை எடுத்தபோது நான் உள்ளே இருப்பது அவனுக்குத் தெரிய வழியில்லை. இதை இரண்டு பிரதி எழுதியிருக்கிறேன். ஒன்று நாளைக் காலையில் ஆபீசுக்குப் போகிறது, மற்றது வேம்பாருக்கு.

தூத்துக்குடி, 2025 செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை.