தாயத்துக்குள் இருந்த தொப்புள்கொடி

இன்று முதலாமாண்டு மாணவர்களுக்கு ஸ்டெம் செல் பற்றி அறிமுக வகுப்பு எடுத்தேன்.

இன்ன வேலை என்று இன்னும் முடிவாகாத செல், அது இரத்தமாகவும் மாறலாம் என்றேன். தொப்புள்கொடி இரத்தத்திலும் உண்டு, நாம்தான் குப்பையில் போடுகிறோம் என்று கொஞ்சம் அலட்டலாகவே முடித்தேன். கைதட்டினார்கள்.

மாலை, கிள்ளான் ரயிலில் அந்த வகுப்பு மாணவி ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கழுத்துச் சங்கிலியில் கோத்திருந்த வெள்ளித் தாயத்தை எடுத்துக் காட்டினாள்.

“மிஸ், என் தொப்புள்கொடிய அம்மா காய வச்சு இதுக்குள்ள அடைச்சிருக்காங்க. தம்பிக்கு பிளட் கேன்சர். இது போதும்தானே?”



“காஞ்சதுல உயிர் இருக்காதும்மா. ஆனா உன் எலும்பு மஜ்ஜையில அந்த செல் உயிரோட இருக்கு. அவனுக்குப் பொருந்துமான்னு டெஸ்ட் பண்ணீங்களா?”

“டாக்டரும் அதத்தான் சொன்னாரு. அம்மாதான் விடமாட்றாங்க லா, மிஸ். ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளையக் குத்தணுமான்னு அழுவுறாங்க.”

தாயத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“உங்க கிளாஸ் முடிஞ்சதும் அம்மாவுக்கு போன் பண்ணி, இனி ஊசியே வேணாம், தாயத்து போதும்னு சொல்லிட்டேன். அம்மா தேங்காய் உடைக்கக் கோயிலுக்குப் போயிட்டாங்க மிஸ்.”

நாளை அவள் வீட்டுக்குப் போகிறேன். வகுப்பில் அத்தனை பேருக்கு விளக்கியவளுக்கு, தேங்காய் உடைத்துவிட்டு வந்த ஒரு அம்மாவிடம் முதல் வாக்கியம் என்னவென்று தெரியவில்லை.

உங்களில் யாருக்காவது தெரிந்தால், நாளை நான் கிளம்புவதற்குள் எழுதுங்கள். கைதட்டல் வேண்டாம்.