அதே எண்ணெயில் பொரித்த விரல்கள்

கோயம்புத்தூரை விட்டு ஹைதராபாத் வந்து ஐந்து மாதமாகியும் மகளுக்கு ஒரு தோழிகூடக் கிடைக்கவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை, மத்தியானம் தனியாக உட்கார்ந்து டப்பாவைத் திறக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்டோபர் கடைசியில் அவளாகவே வந்து, "ஹாலோவீனுக்கு நம்ம வீட்ல பேய் பார்ட்டி வெக்கலாமாம்மா? நாலு பேரக் கூப்பிடறேன்" என்றாள். யோசிக்காமல் சரி என்றேன். நாலு பேரும் வருகிறோம் என்றுவிட்டார்கள். வராவிட்டால் என்ன செய்வது என்ற பயம் போய், வந்து பிடிக்காமல் போனால் என்ற பயம் பிடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து ஹப்சிகுடா வீட்டுச் சமையலறையில் நான்தான் பேய். கோழிக்கால்களை மசாலாவில் வேகவைத்து, மைதா மாவை நாடா நாடாவாக வெட்டி மம்மி மாதிரி கட்டுப்போட்டு, மிளகில் கண் வைத்துப் பொரித்தேன். கோழிக் கைமாவை விரல் விரலாக உருட்டி, நுனியில் பாதாமை நகமாகச் செருகினேன். "நகம் இன்னும் அழுக்கா இருக்கணும்மா" என்று மகள் மிளகுத்தூளைத் தடவினாள். அவ்வளவு உற்சாகமாக அவளை இந்த ஊரில் நான் பார்த்ததில்லை.

நாலு மணிக்கு எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவர் மகளும் நாலு பேரில் ஒருத்தி. மேசையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"சிக்கனா? கார்த்தீக மாசம் கதா அண்டி! பிள்ளலு எவரூ தினரு."

அவர்களுக்குக் கார்த்திகை பிறந்துவிட்டதாம், நாலு பிள்ளைகள் வீட்டிலும் மாதம் முழுக்க அசைவம் கிடையாதாம். சங்கடமாகச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

புரட்டாசி முழுக்க நாக்கைக் கட்டிவைத்து, அப்பாடா என்று நாங்கள் கறி வாங்க ஆரம்பித்து இரண்டு வாரம்தான். எங்கள் கார்த்திகை பிறக்கவே இன்னும் இரண்டு வாரம் இருந்தது. இவர்களுக்குத் தீபாவளி முடிந்த கையோடு பிறந்துவிடும் என்று யாராவது சொன்னார்களா? ஐந்து மாதத்தில் நான்தான் யாரையாவது கேட்டேனா?

ஒரு மணி நேரம் இருந்தது. உருளைக்கிழங்கை வேகவைத்து, மசித்து, விரல்களாக உருட்டி, மீதிப் பாதாமைச் செருகினேன். பிறகுதான் எண்ணெய் பாக்கெட் காலி என்பது உறைத்தது. இருந்ததெல்லாம் கோழி பொரித்த வாணலியில். ஆப்பில் கேட்டால், மழை, ஒன்றரை மணி நேரமாகும் என்றது. எதிர்வீட்டில் கேட்டிருக்கலாம். அவமானப்பட்டது போதாதா, கையை வேறு நீட்ட வேண்டுமா என்று வீம்பு. அடுப்பைப் பற்றவைத்தேன்.

"ம்மா, அது சிக்கன் எண்ணெய்."

"வடிகட்டிட்டேன். வாய மூடிட்டுப் போயி பலூன் ஊது."

அவள் போகவில்லை. நான் விரல்களை ஒவ்வொன்றாகப் போடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஐந்து மணிக்குக் கறுப்பு உடையும் கன்னத்தில் சிவப்பு மையுமாக நாலு பேரும் வந்தார்கள். கோழியை உள்ளே ஒளித்திருந்தேன். விரல்களைப் பார்த்ததும் ஒரே கூச்சல். ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். எதிர்வீட்டுப் பெண் மட்டும் என்னைப் பார்த்தாள். "வெஜ்ஜா ஆன்ட்டி?"

"ப்யூர் வெஜ்மா" என்றேன்.

"நோ" என்றாள் என் மகள். "சேம் ஆயில். சிக்கன் ஆயில்."

நாலு விரல்களும் தட்டுக்குத் திரும்பின. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிடம் அவளை ஓங்கி அறையலாம் போலிருந்தது.

எதிர்வீட்டுப் பெண் சிப்ஸைக் காட்டி, "திஸ்?" என்று மகளிடம் கேட்டாள். "ஓகே." இன்னொருத்தி கேக்கைக் காட்டினாள். மகள் டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு, "எக் இருக்கு, நோ" என்றாள். அதுவே விளையாட்டாகிவிட்டது. நாலு பேரும் அவளைச் சூழ்ந்துகொண்டு பலூனைக்கூட விடாமல் காட்டிக் காட்டிக் கேட்டுச் சிரித்தார்கள். பிரெட்டில் தக்காளி சாஸைக் கொட்டி, ரத்தம் ரத்தம் என்று அடித்துக்கொண்டு தின்றார்கள். அவர்களுக்கு நடுவில் வாயெல்லாம் சாஸுடன் என் மகள் நின்றாள். எனக்கு அழுகை வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் கொண்டுபோனேன். எதிர்வீட்டுப் பெண் தம்ளரை வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை. திரும்பி என் மகளைப் பார்த்தாள். மகள் தலையாட்டிய பிறகுதான் வாயில் வைத்தாள்.