கறுவலுக்கு ஓர் அர்ச்சனை

ஆவி, அமானுஷ்யம் என்று யாராவது கதையெடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். வயது ஐம்பத்திரண்டு, பாதி ஆயுள் பாரிஸ் லா சப்பலில் ஓர் உணவகத்தின் அடுப்படியில் போயிற்று, இடையிடையே கவிதை. போர் நாட்களில் பிணங்களுக்குப் பக்கத்திலேயே உறங்கியிருக்கிறேன், ஒன்றும் எழுந்து வந்து என்னைத் தொடவில்லை. ஆகவே நீங்கள் சிரித்தாலும் குறையில்லை. போன ஈஸ்டர் திங்கள், மாலை ஆறு மணி, நல்ல வெயில், நான் குடித்திருந்தது ஒரு கோப்பி மட்டும்.

என்னோடு வேலை செய்கிற, தட்டுக் கழுவுகிற குணம் அண்ணைக்குக் குதிரை ஓட்டம் என்றால் உயிர். அதிலும் தடை தாண்டும் ஓட்டம். அன்று ஐரிஷ் கிராண்ட் நேஷனல். கிட்டத்தட்ட ஆறு கிலோமீட்டர், இருபதுக்கும் மேற்பட்ட வேலிகள், நூற்றைம்பது ஆண்டுப் பழமை. கெட்டிக்காரக் குதிரையின் முதுகில்தான் அங்கே அதிக எடை ஏற்றுவார்கள், வெல்லத் தெரிந்ததற்குத் தண்டனை. இம்முறை அந்தத் தண்டனை ஒரு கரிய குதிரைக்கு. அதன் ஐரிஷ் பெயர் எங்கள் வாய்க்குள் நுழையவில்லை. அண்ணை அதைக் கறுவல் என்றார்.

அன்று காலை ரூ பஜோல் தெருப் பிள்ளையார் கோயிலுக்குப் போய் கறுவலுக்காக அர்ச்சனைத் தட்டை நீட்டினார்.

"பேர், நட்சத்திரம்?" என்றார் ஐயர்.

"பேர் கறுவல்..." அதற்கு மேல் அண்ணைக்கு வார்த்தை வரவில்லை. குதிரை பிறந்த நட்சத்திரத்தை எந்தப் பேப்பரில் போடுகிறார்கள்? பின்னால் நின்ற எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"உங்கடை நட்சத்திரத்தைக் குடுங்கோவன் அண்ணை. ஐயர் எவ்வளவு நேரம் நிக்கிறது?"

"கேட்டை," என்றார் அண்ணை. மணி அடித்தது. அவ்வளவுதான். அந்தப் பாழ்வாய் என்னுடையது, அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

மாலையில் மூலைக் கபேயில் தொலைக்காட்சிக்குக் கீழே உட்கார்ந்தோம். ஓட்டம் தொடங்கும்வரை, கைபேசியில் வாசித்ததை அண்ணைக்குச் சொன்னேன். 1916, இதே ஈஸ்டர் திங்கள், ஆங்கிலப் பட்டாள அதிகாரிகள் பலர் இதே ஓட்டத்தைப் பார்க்கப் போயிருந்த நேரத்தில் டப்ளினில் கிளர்ச்சி வெடித்தது, அங்கே துவக்கு வெடி, இங்கே குளம்புகள், அந்தக் கிழமை முடிவதற்குள் நகரத்தின் நடுப்பகுதி எரிந்து கரியாயிற்று, ஆனால் ஓட்டம் நிற்கவில்லை.

"இதென்ன பெரிய புதினம்?" என்றார் அண்ணை. "ஷெல் விழ விழத் தேர் இழுத்த ஆக்களடா நாங்கள்."

ஓட்டம் தொடங்கியது. கறுவல் முன்னாலேயே போனது, சேறும் மூச்சுமாக, எல்லா எடையையும் சுமந்துகொண்டு. முடிவதற்கு மூன்று வேலிகள் இருக்க, அண்ணை சீனிக்கட்டி எடுக்கத் திரும்பினார். திரையை அவர் பார்க்கவில்லை, இதைக் கவனியுங்கள். நான் பார்த்தேன். கறுவலின் நெஞ்சு வேலியில் மோதியது, கழுத்து மண்ணில் குத்தியது, உடல் தலைகீழாகப் புரண்டது.

அதே கணத்தில் அண்ணை கதிரையோடு பறந்தார். யாரும் தொடவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் தரையில் விழுந்தார், காய்ந்த விறகு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது, வாயால் இரத்தம் குபுக்கென்று வந்தது. திரையில், பின்னால் வந்த மூன்று குதிரைகள் கறுவலை மிதித்துப் போயின. கபேயின் தரையில் கிடந்த அண்ணையின் உடல் மூன்று முறை துள்ளியது.

திரையில் ஆட்கள் ஓடிவந்து கறுவலைச் சுற்றிப் பச்சைத் துணி மறைப்பு நிறுத்தினார்கள். குதிரை ஓட்டம் பார்ப்பவர்களுக்குத் தெரியும், எழும்ப முடியாத குதிரையை அதற்குப் பின்னால் வைத்துத்தான் கொன்று முடிப்பார்கள்.

பொம்பியே அம்புலன்ஸ் வண்டியில், கண் மூடியபடியே, அண்ணை என் கையைப் பிடித்தார். "மறைப்பைப் போட விடாதை. போட்டால் நான் முடிஞ்சன்."

அவசரப் பிரிவில் தாதி வந்து கட்டிலைச் சுற்றி இழுத்த திரையும் பச்சை. என்ன செய்கிறேன் என்று தெரியாமல் நான் பாய்ந்தேன். வளையங்கள் தெறிக்கத் திரையைக் கிழித்தேன். இரண்டு காவலாளிகள் என்னைச் சுவரோடு மோதினார்கள், உதடு பிளந்தது, ஒருவனின் கையைக் கடித்தேன், அவன் என் வயிற்றில் முழங்காலால் இடித்தான். தரையில் நசுங்கிக் கிடந்தபோதும் துணியை விடவில்லை. கடைசியில் மருத்துவர், "திரை இல்லாமலே பார்க்கிறேன், அந்த மனிதரை விடுங்கள்," என்று கத்தினார். அண்ணையின் சட்டையை வெட்டிக் குனிந்து பார்த்தார். நெஞ்சில் மூன்று பிறைகள், கருநீலமாக.

"இவரை எங்கே குதிரை மிதித்தது, மிஸ்யூ?"

அந்த நேரம் கபேக்காரர் எனக்குப் போன் எடுத்துச் சொன்னார். நெடுநேரம் கிடந்த கறுவல் எழும்பிவிட்டதாம், மறைப்பை எடுத்துவிட்டார்களாம்.

அண்ணை பிழைத்தார். நான் கோயிலுக்கு ஓடினேன்.

"குதிரையின்ரை பேரையும் அவரின்ரை நட்சத்திரத்தையும் ஒண்டாச் சேர்த்து வைச்ச அர்ச்சனையைத் திருப்பி எடுக்கிற மந்திரம் எனக்குத் தெரியாது தம்பி," என்றார் ஐயர். "குதிரையெண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதோ?"

அண்ணை இப்போது பாரிஸுக்கு வெளியே எபினேயில், எட்டாவது மாடி வீட்டில் இருக்கிறார். இந்த ஈஸ்டருக்கும் கறுவலின் பெயர் ஓட்டப் பட்டியலில் வந்திருக்கிறது. அதை நான் அவருக்குச் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை. பாரிஸில் இரண்டு கிழமையாக ஒரு துளி மழை இல்லை. நேற்று மத்தியானம் அவரே போன் எடுத்தார்.

"டேய், நிலமெல்லாம் ஒரே சேறாக் கிடக்கு. கால் புதையுது."

"எங்கை நிக்கிறியள் அண்ணை?"

"கட்டில்லதான் கிடக்கிறன்."